சமன் வேறு, சம்மன் வேறு: நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் தாள்கள்

கோப்பிஓகொசொங்
செவ்வாய், இரவு 8:52

"சம்மன் வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், பாதிப் பேர் கார் கண்ணாடியில் செருகிவிட்டுப் போன சீட்டைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் கோர்ட்டுத் தாளைச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "ஏஎக்ஸ்எஸ் கட்டண இயந்திரத்தில் கட்டிடு, முடிஞ்சுது." எந்தத் தாளுக்கு ஆள் நேரில் போயே ஆக வேண்டும்? போகாவிட்டால் என்ன நடக்கும்? தாளே கைக்கு வராவிட்டால்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "வக்கீலைப் பார்" என்று ஒற்றை வரி மட்டும் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

எண்கோணம்
செவ்வாய், இரவு 9:31

முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துவிடுவோம். சிங்கப்பூரில் எல்லாரும் "சமன்" என்பது வண்டி நிறுத்தத்துக்கு விழும் அபராதச் சீட்டை. சீட்டுப் போடும் அம்மா "சமன் ஆன்ட்டி". அந்தச் சீட்டைக் கொடுப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), நிலப் போக்குவரத்து ஆணையம், போக்குவரத்துப் போலிஸ் போன்ற துறைகள். "இவ்வளவு கட்டினால் உங்கள்மேல் வழக்குப் போடமாட்டோம்" என்று துறை தரும் வாய்ப்பு அது. கெடுவுக்குள் கட்டினால் விஷயம் அங்கேயே முடியும். குற்றத்தீர்ப்பு எதுவும் கிடையாது.

சட்டம் சொல்லும் சம்மன், அதாவது அழைப்பாணை, நீதிமன்றத்தின் கட்டளை. அந்த வாய்ப்பைத் தவறவிட்ட பிறகோ, அப்படி ஒரு வாய்ப்பே தரப்படாத குற்றத்துக்கோ வருவது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2010-இன் 115ஆம் பிரிவிலிருந்து இதைப் பற்றிப் பேசுகிறது. தாளில் உங்கள் பெயர், அடையாள எண், குற்றச்சாட்டு, எந்த நீதிமன்ற அறை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் இருக்கும்.

இவை தவிர இன்னும் சில தாள்கள் உண்டு. குழப்பம் பெரும்பாலும் இவற்றால்தான்.

போலிஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லும் கடிதம். இது 21ஆம் பிரிவு. சாட்சிக்கும் வரும், சந்தேக நபருக்கும் வரும். நீதிமன்றத் தாள் இல்லைதான், ஆனால் போகாமல் இருந்தால் போலிஸ் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி உங்களைக் கொண்டுவரப் பிடியாணை வாங்கலாம்.

குற்றச்சாட்டை எழுதி, எச்சரிக்கையோடு வாசித்துக் காட்டி, பதிலை எழுதிக்கொள்ளும் தாள். இது 23ஆம் பிரிவு. விசாரணை அதிகாரி (ஐஓ) எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. "குற்றம் சாட்டியாச்சு, ஆனா கோர்ட்டுத் தேதி போடலையே" என்று சிலர் குழம்புவது இதைப் பார்த்துத்தான். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுவது பிறகு நடக்கும். ஆனால் இங்கே சொல்லாமல் விட்ட எதிர்வாதத்தைப் பிறகு நீதிமன்றத்தில் முதல் தடவையாகச் சொன்னால், அதன்மேல் சந்தேகம் விழச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

நீதிமன்றத்துக்கு வருமாறு கொடுக்கும் அறிவிப்பு. சம்மனுக்குத் தம்பி மாதிரி. குறித்த நாளில் வந்தாக வேண்டும் என்பதில் வித்தியாசம் இல்லை.

பிணைப் பத்திரம். கைதாகி வெளியே வந்தவர் கையெழுத்திட்டது. அடுத்து எப்போது, எங்கே வர வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். இவருக்குத் தனியாகச் சம்மன் வராது. "வீட்டுக்கு லெட்டர் வரட்டும்" என்று காத்திருந்து தேதியைத் தவறவிடுவது இங்கேதான்.

கடைசியாக, பிடியாணை. இது உங்கள் கைக்கு வருவதில்லை, உங்களைத் தேடி வருவது.

வழக்கு எண்ணும் ஒரு துப்பு. டிஏசி, எம்ஏசி என்று தொடங்கினால் கைது வழக்கு: முதலாவது மாவட்ட நீதிமன்றத்தில், இரண்டாவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். மாவட்ட நீதிமன்றம் பொதுவாக 10 ஆண்டுச் சிறை, 30,000 வெள்ளி அபராதம் வரை விதிக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 3 ஆண்டு, 10,000 வெள்ளி வரை. எண்ணின் முன்னெழுத்தை வைத்தே விஷயம் எவ்வளவு பெரியது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஈசூன்11
செவ்வாய், இரவு 10:05

நல்ல விளக்கம் அண்ணே. ஆனா ஒண்ணு: சம்மனை நேரில் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தானே செல்லும்? கதவைத் திறக்கலைன்னா சேரலைன்னுதானே அர்த்தம்? அதோட பிடியாணையும் சில வருஷத்துல காலாவதி ஆயிடும்னு கேள்விப்பட்டிருக்கேன்.

எண்கோணம்
செவ்வாய், இரவு 10:40

இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு.

பிடியாணைக்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றப்படும் வரை, அல்லது நீதிமன்றமே ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். பத்து வருஷம் கழித்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடப்பிதழை நீட்டும்போதும் திரையில் வரும். குடும்பத்தோடு சாங்கியில் விமானம் ஏறப் போகிறவரை ஓரமாக நிறுத்துவது இப்படித்தான்.

சம்மன் சேர்ப்பதைப் பற்றி 116ஆம் பிரிவு. முதல் வழி நேரில் கொடுப்பது. ஆள் இல்லாவிட்டால் அந்த முகவரியில் குடியிருக்கும் வயது வந்த ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகலாம். மனைவி, அப்பா, அண்ணன் யாராக இருந்தாலும் சரி. கதவில் ஒட்டுவதற்கும் பதிவுத் தபாலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. கதவைத் திறக்காமல் இருப்பதால் வழக்குப் போய்விடாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவது உங்களுக்குத்தான்.

சாவடிக்காரி
புதன், காலை 7:18

முகவரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துறை வழக்குகளில் பிடியாணை வரை போவதற்கு முகவரிக் கோளாறே பெரிய காரணம்.

சம்மன் போவது அடையாள அட்டையில் பதிவான முகவரிக்கு. வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தில் முகவரியை மாற்ற வேண்டும். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) வழியாகவே செய்யலாம். மாற்றாமல் விடுவது தனிக் குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

நடப்பது என்னவென்றால், ஒருவர் தெம்பனிஸ் வீட்டை விற்றுவிட்டு, புதிய வீடு கிடைக்கும் வரை செங்காங்கில் வாடகைக்கு இருக்கிறார். அட்டையில் தெம்பனிஸ்தான். வீவக கார்நிறுத்தச் சீட்டை முதலில் கவனிக்கவில்லை. நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போகிறது. சம்மனும் அங்கேயே போகிறது. புது வீட்டுக்காரர் அதைத் தபால்பெட்டி மேலே வைத்துவிடுகிறார். குறித்த நாளில் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள், ஆள் இல்லை. சேர்த்ததற்கான சான்று கோப்பில் இருக்கிறது. பிடியாணை. சில பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

"எனக்குத் தாள் வரவில்லை" என்பது நீதிபதி காதுகொடுக்கும் வாதம்தான். ஆனால் 28 நாள் விதியை மீறியவர் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழத்தான் செய்யும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வண்டியை மச்சானிடம் கொடுத்தீர்கள், அவர் வேகமாகப் போனார். நோட்டீஸ் உங்கள் பெயரில்தான் வரும். ஓட்டியவர் யார் என்று கேட்டிருப்பார்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி, குறித்த நாளுக்குள் அவருடைய விவரத்தைக் கொடுக்காவிட்டால் நீங்களே ஓட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். சம்மன் உங்களுக்கு வந்த பிறகு "அது மச்சான்" என்று நீதிமன்றத்தில் சொல்லி நிறுவுவது பெரும்பாடு.

கோப்பிஓகொசொங்
புதன், காலை 8:02

ஏஎக்ஸ்எஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரலையே. சம்மன் வந்த பிறகும் கட்டலாமா, கூடாதா?

எண்கோணம்
புதன், மதியம் 12:47

சில போக்குவரத்து, துறைக் குற்றங்களுக்குக் கட்டலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்ற நாளுக்கு முன்பே இயந்திரத்தில் பணம் கட்டி முடிக்கும் வசதி உண்டு. எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது. தாளில் அந்த வழி அச்சிட்டிருந்தால் மட்டுமே. "நேரில் முன்னிலையாக வேண்டும்" என்று இருந்தால் இயந்திரம் உதவாது.

கட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கட்டுவது வழக்கைத் தவிர்க்கத் துறை கேட்கும் தொகையா, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் நீதிமன்ற அபராதமா? இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், பதிவேட்டுக்கு இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அனுப்பிய துறைக்கு ஒரு தடவை ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சிறு குற்றங்களுக்குக் கடிதம் வழியாகவோ மின்னணு வழியாகவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அது சாதாரணமாகப் பெரிய வழக்குகளுக்குப் பொருந்தாது.

தேக்காடீ
புதன், மாலை 6:20

நீதிமன்றத்துக்குப் போக முடியாத நாளில் எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பேட்டை மருந்தகத்தில் கொடுக்கும் எம்சியை எடுத்து அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான எம்சியில் "நீதிமன்றத்துக்கு வராமல் இருக்க இந்தச் சான்றிதழ் செல்லாது" என்று அச்சிட்டிருக்கும். முதலாளிக்குக் காட்டும் எம்சி அது. அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் சும்மா வராமல் இருந்தவர்.

நீதிமன்றம் எதிர்பார்ப்பது வேறு மாதிரி. பதிவாளருக்கு முகவரியிட்டிருக்க வேண்டும். நோயாளியின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவமனை அல்லது மருந்தகத்தின் பெயர், மருத்துவரின் முழுப்பெயர், அவர் கையெழுத்து. வெளியே சொல்லத் தடை இல்லாத நோய் என்றால் என்ன நோய் என்பதும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இவர் உடல்நிலை காரணமாக நீதிமன்றத்துக்கு வர இயலாதவர்" என்ற வாக்கியமும், எந்தெந்தத் தேதிக்கு என்பதும். "வேலைக்குத் தகுதியற்றவர்" என்று மட்டும் இருந்தால் போதாது. கால் சுளுக்கியவர் மூட்டை தூக்க முடியாது, ஆனால் நீதிமன்ற நாற்காலியில் உட்காரலாம். நீதிபதி அப்படித்தான் பார்ப்பார்.

ஆகவே மருத்துவரிடம் உட்கார்ந்ததுமே "டாக்டர், இது கோர்ட்டுக்கு" என்று சொல்லிவிடுங்கள். சில மருத்துவர்கள் தனியாக ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். சிலர் தயங்குவார்கள், காரணம் நாளை நீதிமன்றம் அவரையே கேட்கலாம். தயங்கினால் வேறு மருத்துவரைத் தேடுவதைவிட, முடிந்தால் முகக்கவசத்தோடு நேரில் போய்விடுவது நல்லது.

எம்சி கிடைத்ததும் யாரிடம் போய்ச் சேர வேண்டும்? வழக்கறிஞர் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் தாளில் உள்ள தொடர்புக்கும், வழக்கு நடத்தும் துறை அதிகாரி அல்லது ஐஓவுக்கும். உங்களுக்காகப் பிணைக்கு நின்ற பிணையாளருக்கும் அன்று காலையே. மூலத்தாளைப் பத்திரமாக வைத்து அடுத்த தேதிக்குக் கொண்டுபோங்கள்.

ஈசூன்11
புதன், இரவு 9:15

சரி, எம்சியும் இல்லை, மறந்தே போச்சுன்னு வைங்க. மறுநாள்தான் ஞாபகம் வருது. போனா உள்ளே போட்டுடுவாங்களா?

எண்கோணம்
புதன், இரவு 9:58

போகாமல் இருப்பதைவிடப் போவது எந்தக் கணக்கிலும் மேல்.

அன்றே ஞாபகம் வந்தால் அன்றே ஓடுங்கள். காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் வழக்கை ஒதுக்கி வைத்து மறுபடி கூப்பிடுவதும் உண்டு. பிடியாணை போட்ட பிறகு வந்தாலும் அதே அமர்வில் ரத்து செய்யக் கேட்கலாம். மறுநாள், அதற்கும் பிறகு என்றால் நீதிமன்றத்துக்கே போய்ச் சரணடைந்து ரத்து செய்யக் கேட்பது ஒரு வழி, போலிஸ் நிலையத்தில் சரணடைவது இன்னொரு வழி. தானாக வந்தவருக்கும் சாவடியில் பிடிபட்டவருக்கும் நீதிபதி முன் வித்தியாசம் உண்டு. பிணைத்தொகை போடும்போது அது தெரியும். பொது விடுமுறைக்கு முந்தின மாலையில் மட்டும் போகாதீர்கள், காலையிலேயே போங்கள். பிணையாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சில பிடியாணைகளிலேயே "இவ்வளவு பிணைக்கு விடலாம்" என்று நீதிமன்றம் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் பிடித்த இடத்திலிருந்தே பிணையில் வெளியே வர வழி உண்டு.

பிணையில் இருப்பவர் தகுந்த காரணம் இல்லாமல் வராமல் போனால் கதை வேறு. 2018 திருத்தத்துக்குப் பிறகு அதுவே தனிக் குற்றம், 3 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். மூல வழக்கில் பிறகு விடுதலையே ஆனாலும் இது தனியாக நிற்கும். தலைமறைவானவரைப் பற்றி நீதிமன்றம் பொது அறிவிப்பு வெளியிட்டு, சொத்தை முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது (88, 89ஆம் பிரிவுகள்).

லிட்டில்இந்தியாலைட்
வியாழன், காலை 10:11

பிணையாளர் பற்றிச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் விடுதியில் (டார்மிட்டரி) இருக்கும் ஊழியருக்கு எதிரான வழக்கு என்றால் யார் நிற்பது? அண்ணன் தம்பி எல்லாரும் ஊரில்.

சாவடிக்காரி
வியாழன், மதியம் 1:25

பிணையாளராக நிற்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசியாக இருக்க வேண்டும், கடன் நொடித்தவராக இருக்கக்கூடாது, தன்மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கக்கூடாது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் அறைத்தோழர் எவ்வளவு நல்லவரானாலும் நிற்க முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம், நிறையப் பேர் கோட்டை விடுவது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. இது அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தரும் உரிமை. அதற்குள் போலிஸ் தன் பிணையில் வெளியே விடலாம். அது போலிஸ் பிணை. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டும் நாளில் நீதிபதி புதிதாகப் பிணைத்தொகை போடுவார். அது நீதிமன்றப் பிணை. போலிஸ் பிணைக்கு நின்றவர் "நான்தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டேனே" என்று வேலைக்குப் போய்விட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் மாலை வரை கீழே பூட்டிய அறையில் காத்திருப்பார். மாலைக்குள் பிணைக்கு ஆள் வராவிட்டால் தடுப்புக் காவலுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். ஆகவே குற்றம் சாட்டும் நாளன்று பிணையாளர் விடுப்பு எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையோடு, பணத்துக்கு வழி செய்துகொண்டு நீதிமன்றத்திலேயே இருக்க வேண்டும். பிணை முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும்.

பிணையாளரின் கடமை வெறும் பணம் கட்டுவதோடு முடியாது. 104ஆம் பிரிவைப் பாருங்கள்: தினமும் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலிஸில் புகார் கொடுக்க வேண்டும். தவறினால் பணம் பறிபோகலாம். தினமும் ஒரு குறுஞ்செய்தி, அதற்கு ஒரு பதில். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள், நாளை அதுதான் சான்று.

"நீ நில்லு, பணத்தை நான் பின்னாடி கொடுத்துடறேன்" என்று குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் வீட்டாரோ பிணையாளருக்கு ஈடு செய்ய ஒப்புக்கொள்வது குற்றம். நம்மவர்கள் இதை உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். பிணையாளருக்கு வலிக்க வேண்டும் என்பதுதான் பிணையின் அடிப்படையே.

தேக்காடீ
வியாழன், மாலை 7:40

ஊழியர்கள் விஷயத்தில் இரண்டு சேர்க்கிறேன்.

ஒன்று, பெயர். கடப்பிதழில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். நீதிமன்றப் பட்டியலிலும் அது முன்னால் வரலாம். ஊழியர் தன் பெயரை எதிர்பார்த்துக் காத்திருப்பார், கூப்பிடுவது அப்பாவின் பெயரை, அதுவும் வேறு உச்சரிப்பில். எழுந்து நிற்காமல் இருந்துவிடுவார். அடையாள எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அறைக்குள் போனதும் அங்குள்ள அலுவலரிடம் தாளைக் காட்டி வந்திருப்பதைச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் அன்றைய வழக்குப் பட்டியல் உண்டு. அதில் தேடும்போதும் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டு, கடப்பிதழ். விசாரணை நடக்கும்போது 112ஆம் பிரிவின்கீழ் அதை ஒப்படைக்கச் சொல்லலாம். வேலை அனுமதி ரத்தாகிவிட்டால் சிங்கப்பூரில் இருக்க ஸ்பெஷல் பாஸ் தருவார்கள். அதில் காலக்கெடு உண்டு, நீதிமன்றத் தேதி வேறு, அந்தக் கெடு வேறு. இரண்டையும் தனித்தனியாக நாள்காட்டியில் குறிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குற்ற வழக்குகளில் தமிழுக்கு நீதிமன்றமே ஆள் வைத்திருக்கிறது, பணம் கிடையாது. வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவதைவிட, "தமிழ் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஈசூன்11
வியாழன், இரவு 8:33

பிணையில் இருக்கும்போது ஜேபி (ஜோகூர் பாரு) போகலாமா? சும்மா பெட்ரோல் போட்டுட்டு, சாப்பிட்டுட்டு வர. இரண்டு மணி நேரம்தானே?

எண்கோணம்
வியாழன், இரவு 9:20

கடற்பாலத்தின் அந்தப் பக்கம் வெளிநாடு ஐயா. அனுமதி இல்லாமல் போனால் பிணை நிபந்தனை மீறல். பரோட்டாவுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

போக வேண்டிய அவசியம் இருந்தால் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பயண நாட்கள், தங்கும் இடம், காரணம், அதற்கான தாள்கள் எல்லாம் வேண்டும். பிணையாளருக்குச் சம்மதம் இருக்க வேண்டும், சில நேரம் கூடுதல் தொகையும் கேட்பார்கள். திரும்பி வந்ததும் கடப்பிதழை மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஊரில் கல்யாணம் என்றால் அழைப்பிதழ், இறப்பு என்றால் சான்றிதழ். பணம் திருப்பித் தராத டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு அதைக் காட்டி நீதிபதியை நெருக்கலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதி மறுத்தால் டிக்கெட் போச்சு, அவ்வளவுதான்.

ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டவருக்கும் ஒரு செய்தி: ஒரு நாட்டின் பிடியாணையை மற்ற நாடு மேலொப்பமிட்டு நிறைவேற்றும் ஏற்பாடு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே உண்டு. மற்ற நாடுகளிலிருந்து ஒப்படைப்பதைவிட அது சுருக்கமான வழி.

பிளாசாகணக்கர்
வெள்ளி, காலை 9:05

நிறுவனத்தின் பெயரில் சம்மன் வந்தால்? ஆண்டறிக்கை தாக்கல் செய்யாதது, மத்திய சேமநிதி (மசேநிதி) கட்டாதது போன்றவை.

சாவடிக்காரி
வெள்ளி, காலை 11:30

நிறுவனத்துக்கான சம்மன் பதிவு செய்த அலுவலக முகவரிக்குப் போகும். சின்ன நிறுவனங்கள் செயலர் சேவைக் கம்பெனியின் முகவரியை அலுவலக முகவரியாகப் போட்டிருக்கும். சந்தா கட்டாமல் விட்டால் அவர்கள் தாளைப் பிரிக்கக்கூட மாட்டார்கள்.

நிறுவனம் கூண்டில் ஏறாது, பிரதிநிதி போக வேண்டும். நிர்வாக இயக்குநர் அல்லது நிர்வாகத்தில் உள்ளவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் "நான்தான் மேனேஜர்" என்று போனால் வழக்குத் தள்ளிப்போகும். இன்னொன்று: பல வழக்குகளில் நிறுவனத்துக்கு ஒரு சம்மன், இயக்குநர் பெயரில் தனியாக ஒன்று என்று இரண்டு வரும். ஒரே உறையில் இருப்பதால் ஒன்று என்று நினைத்து, நிறுவனத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற இயக்குநர் மேல் பிடியாணை விழும்.

கோப்பிஓகொசொங்
வெள்ளி, மதியம் 12:12

நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள்மேல் வாரண்ட் இருக்கிறது என்று ஃபோன் வருகிறதே, அது?

தேக்காடீ
வெள்ளி, மதியம் 12:40

மோசடி. போட்டுவிடுங்கள் கீழே. பிடியாணையை ரத்து செய்ய யாரும் ஃபோனில் வங்கி எண் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் முத்திரையோடு படம் அனுப்புவதும் அதே கூட்டம்தான். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799. அரசாங்கத்தின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் "கவ்.எஸ்ஜி" என்ற ஒரே பெயரில் வரும், 2024 ஜூலையிலிருந்து. உண்மையான தாளா என்று பார்க்க, தாளில் உள்ள எண்ணுக்கு அடிக்காமல் துறையின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து அடியுங்கள்.

லிட்டில்இந்தியாலைட்
வெள்ளி, மாலை 5:55

அந்த நாளில் என்ன நடக்கும் என்று யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள். முதல் தடவை போகிறவருக்கு.

எண்கோணம்
வெள்ளி, இரவு 9:02

இடம்: ஹேவ்லாக் ஸ்குவேர் 1, அரசு நீதிமன்றக் கோபுரம். 2014 வரை கீழ்நிலை நீதிமன்றங்கள் என்று அழைத்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் எட்டுக் கோணக் கட்டடத்துக்குள் போய்விடாதீர்கள், அங்கிருந்து 2019 இறுதியில் கோபுரத்துக்கு மாறியாயிற்று. சைனாடவுன் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம்.

வாசலில் பை சோதனை. வரிசை நீளும், அதனால் தாளில் 9 மணி என்றால் எட்டேகாலுக்கு அங்கே இருப்பது நல்லது. பேனாக்கத்தி, ஸ்குரூடிரைவர் எல்லாம் வீட்டில் வையுங்கள், வேலையிடத்திலிருந்து நேராக வருகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். கைது வழக்குகளின் முதல் அமர்வு பெரும்பாலும் 4ஏ, 4பி அறைகளில் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் தாளில் போட்ட எண்தான் கணக்கு.

முதல் அமர்வு விசாரணை இல்லை. குற்றச்சாட்டை வாசித்து மொழிபெயர்த்துச் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கோருகிறீர்களா என்று கேட்பார்கள். வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் சில வாரம் தள்ளிப் போடுவார்கள், பிணையும் அதுவரை நீளும். எல்லாம் ஐந்து நிமிடம், காத்திருப்பது மூன்று மணி நேரம். புதிய தேதியைத் தாளில் எழுதித் தரும் வரை வெளியே போகாதீர்கள். அடுத்த தேதிக்குத் தனிச் சம்மன் வராது.

வழக்கறிஞர் வைத்திருந்தாலும் குற்ற வழக்கின் அமர்வுகளுக்கு நீங்கள் போக வேண்டும், வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னாலொழிய. வசதி இல்லாத சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. வீட்டில் தலைக்கு மாத வருமானம் எவ்வளவு என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அது முக்கியம். குற்றம் சாட்டிய பிறகே விண்ணப்பிக்க முடியும், அதனால் குற்றச்சாட்டுத் தாளைத் தொலைக்காதீர்கள்.

ஈசூன்11
வெள்ளி, இரவு 9:41

அண்ணே கடைசியா ஒண்ணு. பகல்ல வேலை. தாள்ல மாலை 6 மணின்னு போட்டிருக்கு, அச்சுப் பிழையா?

எண்கோணம்
வெள்ளி, இரவு 9:50

பிழை இல்லை. அது இரவு நீதிமன்றம். போக்குவரத்து, துறை வழக்குகளை வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் எடுப்பார்கள். காலை 6 மணிக்குப் போய் நின்றுவிடாதீர்கள்.